உங்களுக்குத் தெரியுமா? பழைய ஊசியைக் கொடு, புது ஊசியைப் பிடி!

ஈச்சிலம்பற்றில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போகிறீர்களா? அந்த ஊசியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்! ஒரு தடவை அழுத்தியதும் தண்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தாலும் திரும்பி வராது. அடுத்த பிள்ளைக்கு அதைப் பாவிக்கவே முடியாது! மூடிகூடப் போடாமல் நேரே பெட்டிக்குள் போகும். 5 லீற்றர் பெட்டி ஒன்றுக்குள் எத்தனை அடங்கும் தெரியுமா? கிட்டத்தட்ட 100 ஊசி!

ஏன் இவ்வளவு கெடுபிடி? 2000ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், சுத்தமில்லாத மருத்துவ ஊசிகளால் ஹெபடைடிஸ் பி தொற்றியவர்கள் 2 கோடியே 10 இலட்சம் பேர்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது.

பாவித்த சிரிஞ்சுக்குள் ஒட்டியிருக்கும் துளி இரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? ஒரு மணி நேரமா? ஒரு நாளா? யேல் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் 42 நாள் இருந்தது! ஹெபடைடிஸ் சி அதையும் மிஞ்சிவிட்டது. 63 நாள்!

நோயாளியின் ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு? மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 30 வீதம் வரை. ஹெபடைடிஸ் சி, ஏறக்குறைய 3 வீதம். எச்.ஐ.வி., 0.3 வீதம்!

போதை ஊசி போடுகிறவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் திட்டத்தை உலகில் முதலில் தொடங்கியது யார்? டொக்டர் இல்லை. அமைச்சரும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் போதைப் பழக்கம் உள்ளவர்களே கூடி அமைத்த சங்கம்! ஆண்டு 1984. அப்போது அவர்கள் பயந்தது எச்.ஐ.வி.க்குக்கூட இல்லை, ஹெபடைடிஸ் பி-க்கு!

தோலுக்கடியில் மருந்து ஏற்றும் ஊசியை அலெக்சாண்டர் வுட் என்ற டொக்டர் 1853இல் பாவிக்கத் தொடங்கிய நகரம் எடின்பரோ. அதே நகரத்தில் 1986இல் வெளியான ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? போதை ஊசி போடுகிறவர்களில் பரிசோதிக்கப்பட்ட 164 பேரில் 51 வீதத்தினருக்கு எச்.ஐ.வி.!

அமெரிக்காவின் டகோமா நகரில் 1988இல் டேவ் பர்சேஸ் என்ற மனிதர் தெருவோரத்தில் ஒரு சின்ன மடக்கு மேசையை விரித்தார். கையில் சொந்தக் காசு. பக்கத்தில் ஊசிப் பெட்டி. அவ்வளவுதான், திட்டம் தொடங்கிவிட்டது!

இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது மும்பையில் இல்லை, டெல்லியிலும் இல்லை. 1986இல், நம் சென்னையில்! சென்னை மருத்துவக் கல்லூரியில் டொக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வைத்திருந்தது எங்கே? வீட்டு ஃபிரிட்ஜில்! பிறகு ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு. பரிசோதனையில் 6 மாதிரிகள் மஞ்சளாகின, அதாவது எச்.ஐ.வி. இருக்கிறது! ஒரு நாடே அதிர்ந்தது!

மணிப்பூர் கதை இன்னும் பயங்கரம். 1989 செப்டெம்பர் வரை அங்கே போதை ஊசி போடுகிறவர்களிடம் எச்.ஐ.வி. பூச்சியம். ஆறே மாதம். 50 வீதம்!

அதே மணிப்பூர்தான் 1996இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஒரு மாநில எய்ட்ஸ் கொள்கையை வகுத்தது! சுராசந்த்பூரில் அதற்கு முன்பே ஊசி மாற்றம் தொடங்கியாகிவிட்டது. 2017இல் அதே மக்களிடையே தொற்று 10 வீதத்துக்கும் கீழே! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

ஊசி கொடுக்கிறவரைப் பொலிஸ் பிடிக்காதா? இந்தியாவில் பிடிக்கக் கூடாது! 2017இன் எச்.ஐ.வி. சட்டம் ஊசி மாற்றத்தைப் பெயர் சொல்லியே காப்பாற்றுகிறது. 2018 செப்டெம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது!

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1990இல் ஒவ்வொரு ஊசிக்கும் இலக்கம் போட்டார்கள். எந்த ஊசி எப்போது போனது, எப்போது திரும்பியது, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எட்வர்ட் கப்லான் என்ற கணித நிபுணர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஊசி தெருவில் சுற்றும் நாள் குறைந்தால் நோயும் குறைகிறது! புதுத் தொற்று 33 வீதம் குறைந்தது!

ஒரு நகரத்தை நம்பமாட்டீர்களா? சரி, 81 நகரங்களை எடுங்கள். ஊசி மாற்றம் இருந்த 29 நகரங்களில் எச்.ஐ.வி. விகிதம் ஆண்டுக்கு 5.8 வீதம் இறங்கியது. இல்லாத 52 நகரங்களில் 5.9 வீதம் ஏறியது!

சிட்னியில் டொக்டர் அலெக்ஸ் வோடக் 1986இல் இதைத் தொடங்கியபோது அது சட்டப்படி குற்றம்! பின்னர் அரசாங்கமே கையில் எடுத்தது. 2000 முதல் 2009 வரை அவுஸ்திரேலியா தடுத்த எச்.ஐ.வி. தொற்றுகள் 32,050! ஹெபடைடிஸ் சி தொற்றுகள் 96,667! போட்ட ஒவ்வொரு டொலருக்கும் மருத்துவச் செலவில் மிச்சமானது 4 டொலர்!

சிறைக்குள்ளேயே ஊசி கொடுத்த நாடும் உண்டு. சுவிட்சர்லாந்து! 1992இல் ஃபிரான்ஸ் ப்ரோப்ஸ்ட் என்ற சிறை டொக்டர், மேலதிகாரியிடம் கேட்காமலேயே கொடுக்கத் தொடங்கினார். 1994இல் ஹிண்டல்பாங்க் பெண்கள் சிறையில் மெஷினே வைத்துவிட்டார்கள். பழையதைப் போட்டால் புதியது வரும்!

இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலும் புகையாகத்தான் இழுக்கிறார்கள், ஊசியாக ஏற்றுகிறவர்கள் குறைவு. எங்களுடையது சின்ன ஊர், இங்கே எல்லாம் வருமா என்கிறீர்களா? இதைக் கேளுங்கள். அமெரிக்காவின் இண்டியானாவில் ஒஸ்ரின் என்று ஓர் ஊர். சனத்தொகை 4,200 அளவுதான். வெருகல் பிரதேச செயலகப் பிரிவைவிடச் சிறியது! அது இருக்கும் மாவட்டம் முழுவதிலும் 2004 முதல் 2013 வரை எச்.ஐ.வி. கண்டவர்கள் ஐந்தே பேர். பிறகு வலிமாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் வந்தது. ஊசி கைமாறியது. 2014 நவம்பர் முதல் 2015 நவம்பர் வரை, ஓராண்டுக்குள், 181 பேர்! அவசர அவசரமாக ஊசி மாற்றத்தை அனுமதித்தது மாநில அரசு.

ஊசி போடுகிற ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை புது ஊசி போய்ச் சேரவேண்டும்? 2030க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு, ஆளுக்கு 300!