கியர்ப் பெட்டியின் காவல் ஸ்விட்ச்

தானியங்கிக் கியர் பொருத்திய பழைய கார் ஒன்று, பாட்டரியில் போதிய சக்தி இருந்தும், சாவியைத் திருப்பியபோது சப்தமே எழுப்பாமல் நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரின்மீது பழி சுமத்துவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் குற்றம் கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் ஒரு சிறிய ஸ்விட்சுடையதாக இருக்கலாம். கியர்த் தண்டு ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இருந்தாலன்றி ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லாதவாறு தடுத்து, கார் திடீரெனப் பாய்ந்து பிராணாபாயம் விளைவிக்காமல் காப்பது அதன் பிரதான கடமை. பல கார்களில் ரிவர்ஸ் விளக்கை எரியச் செய்வதும் அதுவே. அற்பமான ஓர் உறுப்பிடம் இவ்வளவு பெரிய காரியம் ஒப்படைக்கப்பட்டிருப்பதை நினைக்கையில் எனக்கு அதனிடம் மரியாதையே உண்டாகிறது.

வருஷக்கணக்கில் ஈரமும் புழுதியும் புகுவதால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் தேய்ந்து களிம்பேறுகின்றன. ‘பார்க்’கில் உயிர் பெறாத எஞ்சின் ‘நியூட்ரலில்’ உயிர் பெறுமானால், ஸ்விட்சையோ, தண்டோடு இணைந்த கேபிளையோ சந்தேகிக்கலாம்.

கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின்னர் ஸ்விட்சை மல்டிமீட்டரால் பரீட்சித்தால், ‘பார்க்’, ‘நியூட்ரல்’ ஆகிய இரு நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட்டருக்குரிய முனைகளிடையே தொடர்பு தென்பட வேண்டும். பழைய டொயோட்டா கார்கள் பலவற்றில், தண்டை நியூட்ரலில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, ஸ்விட்சிலுள்ள கோட்டையும் பள்ளத்தையும் நேர்ப்படுத்தி முடுக்கினாலே சில சமயம் போதும். தொடுமுனை தேய்ந்திருப்பின் புதிய ஸ்விட்சே பரிகாரம். ஸ்விட்சை ஒதுக்கிவிட்டுக் கம்பிகளை நேரே முறுக்கி இணைக்கலாமென்று எவர் யோசனை கூறினாலும், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.