கல்லறையிலிருந்து மீண்ட படம்

1933ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் வெளிவந்த ‘த கூல்’ என்னும் பேசும்படம், மாண்டவர் மீண்டெழும் கதையைக் கூறுவதாகும். எகிப்திய ஆராய்ச்சியாளர் ஒருவர், அரியதொரு மணியைத் தம்முடன் கல்லறையில் வைக்குமாறு பணித்து இறக்கின்றார். அதனை அனுபிஸ் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கினால் அழியா வாழ்வு கிட்டும் என்பது அவர் நம்பிக்கை. மணி களவுபோகின்றது, நிலவொளியிற் கல்லறை திறக்கின்றது. இவ்வேடத்தைத் தாங்கியவர் ஹொலிவூட்டிற் புகழீட்டித் தாயகம் திரும்பிய போரிஸ் கார்லோவ்.

படத்தின் வரலாறும் கதையை ஒத்ததே. அக்காலப் படச்சுருள்கள் நைத்திரேற்றுச் சேர்ந்தவை. எளிதில் தீப்பற்றுவன, நாளடைவிற் சிதைவன. இப்படமும் அழிந்ததென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1969இற் செக்கோசிலவாக்கியாவிற் பழுதுற்ற பிரதியொன்று அகப்பட்டது. 1980களின் தொடக்கத்தில், ஷெப்பர்டன் படப்பிடிப்பு நிலையத்தின் கைவிடப்பட்ட அறையொன்றில் மூலச்சுருளே கிடைத்தது. தேடுவாரின்றி அழிந்த படங்களோ பல.