பரீட்சைக்கு வராத புத்தகம்

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி போட்டார். "பரீட்சைக்கு வராத புத்தகத்தைப் பிள்ளை எதுக்குய்யா படிக்கணும்?" நீங்களும் கைதட்டினீங்க. எனக்குக் கோபமில்லை. வீட்டுக்கு வீடு அதைத்தானே சொல்றோம்!

இந்தக் கேள்விக்கு இதே மதுரையில பதில் சொல்லிக்கிட்டிருக்கும்போதே ஒருத்தர் மயங்கி விழுந்தார், தெரியுமா? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைச் சீமை இராயவரத்துக்காரர், 1922-ல் பிறந்தவர். இந்தியன் வங்கியில உத்தியோகம். பகலெல்லாம் கணக்கு, மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாட்டு. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைய முன்னின்றவர். 1989 மார்ச்சில் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகம் பாடமா வைக்கணும்னு வற்புறுத்திப் பேசினார். அங்கேயே விழுந்தார். 16-ஆம் தேதி காலமானார். அவர் வாதாடினது யாருகிட்ட? பிள்ளைங்ககிட்டயா? எங்களை மாதிரிப் படிச்சவங்ககிட்ட! சங்கப் பாட்டுக்கு உரை சொன்னா புலமை, பாப்பாப் பாட்டுக்கு உரை சொன்னா விளையாட்டுன்னு நெனச்ச கூட்டம்யா எங்க கூட்டம். (சிரிப்பு)

சரி, கதைப்புத்தகம் என்னதான் செய்யுது? மேலூர்ப் பக்கம் ஒரு மேடையில பேசிட்டு இறங்குறேன். ஒரு தாய் வந்து நின்னுச்சு. "அய்யா, எம்மகன் அஞ்சாவது. பாடத்தைப் பாக்காமலே ஒப்பிக்கிறான். வேற ஒரு தாளைக் குடுத்தா முழிக்கிறான்"னுச்சு. அந்தப் பையன் படிக்கவே இல்லீங்க, மனப்பாடம் பண்ணியிருக்கான்! முன்பின் பார்க்காத பக்கத்தைப் படிக்கிறதுக்குப் பேர்தான் படிப்பு. அதுக்குப் பல புத்தகம் வேணும், அடுத்து என்னங்கிற ஆசை வேணும்.

வள்ளியப்பா பாட்டில் வரி சின்னது. எதுகை அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளை ஊகிக்கிறான், ஊகம் பலிக்குது, தைரியம் வருது. அவ்வையின் ஆத்திசூடி அகர வரிசையில கட்டளை போடும். அது ஓர் அழகு. மதுரை சேதுபதி பள்ளியில 1904-ல் சில மாதம் தமிழாசிரியரா இருந்த பாரதி, 1915-ல் பாப்பாவைப் பக்கத்துல உட்காரவச்சுப் பேசினான். கவிமணி கன்றுக்குட்டியையும் கிளியையும் கூட்டிவந்தார். வள்ளியப்பாவோ பிள்ளையோட சேர்ந்து குறும்பே பண்ணினார்!

1947-ல் தொடங்கின அம்புலிமாமாவை எடுங்க. வேதாளம் கதை சொல்லும், முடிவில ஒரு சிக்கலைப் போடும். பதில் தெரிஞ்சும் சொல்லாட்டித் தலை சிதறும். சொன்னா வேதாளம் மரத்துக்குப் போயிரும். விக்கிரமன் வாய் திறக்குமுன்ன புத்தகத்தை மூடிட்டு, "யார் செஞ்சது நியாயம்?"னு யோசிக்கிற பத்து வயசுப் பிள்ளை இருக்கே, அதுதான்யா முதல் பட்டிமன்ற நடுவர்! (கைதட்டல்)

பழசெல்லாம் தங்கம்னு சொல்ல வரலை. ராஜகுமாரின்னா மாலையோட காத்திருக்கிறதைத் தவிர வேலையே கிடையாத கதைகள் அதுல ஏராளம். அதையும் படிக்கட்டும், "ஏன் அப்படி?"ன்னு கேக்கட்டும்.

ஆனா நாம காப்பாத்தினோமா? மாஸ்கோவில அச்சாகி, நியூ செஞ்சுரி கடையில மலிவு விலைக்குக் கிடைச்ச படக்கதைகள், 1991-ல் சோவியத் உடைஞ்சதோட நின்னுபோச்சு. அம்புலிமாமா 2013-ல் நின்னுச்சு. அதே 2013-ல் உங்க வீட்டுக்குள்ள எது வந்துச்சுன்னு நான் சொல்லணுமா? சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்க!

புதுநத்தம் ரோட்டுல 2023 ஜூலையில கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க. பிள்ளைகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. அலங்காநல்லூர்ப் பிள்ளை பஸ் ஏறி அங்க வரணும்னா கூட ஓர் ஆள் வரணும். வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஆள் யாரு? எதிரணி நண்பர்தான் சொல்லணும். மணி அடிச்சிட்டீங்க, உட்கார்றேன்.