இருட்டில் பார்த்தவர் யார்?

1940 செப்டம்பரிலிருந்து அடுத்த மே மாதம் வரை ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவு இரவாகக் குண்டு போட்டன. பகலில் வந்தால் பிரிட்டிஷ் போர் விமானங்கள் மடக்கிவிடும். இரவில் வந்தால்? விளக்கில்லாமல், கறுப்பு வானத்தில், மணிக்கு முந்நூறு நானூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு விமானத்தை இன்னொரு விமானி எப்படிக் கண்டுபிடிப்பார்? எத்தனையோ விமானிகள் இரவு முழுக்கச் சுற்றிவிட்டு ஒன்றும் கண்ணில் படாமல் இறங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜான் கன்னிங்ஹாம் என்ற 23 வயது விமானியின் பெயர் பரவியது. 1940 நவம்பரில் இரவு வானில் முதல் குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார். போர் முடிவதற்குள் அவர் கணக்கில் 20 விமானங்கள். அவற்றில் 19 இரவில் வீழ்ந்தவை. பத்திரிகைகள் அவரைப் ‘பூனைக்கண்’ கன்னிங்ஹாம் என்று கொண்டாடின. இந்த விமானிகள் நிறைய கேரட் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் இருட்டில் கண் தெரிகிறது என்றும் ஒரு கதை கிளம்பியது. அரசாங்கம் அதை மறுக்கவில்லை. மறைக்க வேண்டிய ரகசியம் ஒன்று அவர்களிடம் இருந்தது.

கன்னிங்ஹாம் ஓட்டிய போஃபைட்டர் விமானத்தில் இரண்டு பேர் போவார்கள். முன்னால் விமானி. பின்னால் ஜிம்மி ரான்ஸ்லி. ரான்ஸ்லி வானத்தைப் பார்ப்பதே இல்லை! குனிந்து, பச்சையாக ஒளிரும் இரண்டு சிறு திரைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுதான் விமானத்துக்குள் அடங்கும்படி செய்த ரேடார்.

அது எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். விமானத்தின் மூக்கிலிருந்து ரேடியோ அலைகள் துண்டு துண்டாகப் பாயும். எதிரே விமானம் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். எதிரி 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், அலை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்? ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரியுங்கள். அதில் 20 பங்கு, அவ்வளவுதான். இந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும்.

தூரம் மட்டும் போதாதே, திசையும் வேண்டும். யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து என்று நம் இரண்டு காதுகளும் சேர்ந்து சொல்கின்றன அல்லவா? அப்படித்தான் இதுவும். திரும்பிவரும் அலையைப் பிடிக்க இறக்கைகளில் ஆன்டெனாக்கள் இருந்தன. இடப்பக்கம் பலமாகக் கேட்டால் எதிரி இடப்பக்கம். மேலா கீழா என்றும் இதேபோலக் கண்டுபிடித்தார்கள். ஒரு திரை இட வலம் சொல்லும், மற்றது மேல் கீழ் சொல்லும். ரான்ஸ்லி அதைப் படித்துப் படித்து, திரும்பு, ஏறு, வேகத்தைக் குறை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கன்னிங்ஹாம் அவர் வார்த்தையை நம்பி இருட்டுக்குள் ஓட்டுவார்.

இந்த ரேடாருக்கு ஒரு பெரிய குறை உண்டு. அலை பூமியிலும் பட்டுத் திரும்பும். விமானம் 4,500 மீட்டர் உயரத்தில் பறந்தால், நாலரை கிலோமீட்டருக்கு அப்பால் எது இருந்தாலும் பூமியின் எதிரொலி அதை மூழ்கடித்துவிடும். தாழப் பறந்தால் பார்க்கும் தூரமும் சுருங்கும். ஆகவே முதலில் தரையிலிருந்த பெரிய ரேடார் நிலையம் எதிரியைக் கண்டுபிடித்து, போஃபைட்டரை அதன் பின்னால் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் கொண்டுபோய் விடும். அங்கிருந்துதான் ரான்ஸ்லியின் வேலை.

ரொம்பக் கிட்டே போனாலும் சிக்கல். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் வந்துவிட்டால், அனுப்பிய அலை முடிவதற்குள்ளேயே எதிரொலி வந்து அதோடு கலந்துவிடும். திரையில் ஒன்றும் புரியாது. அதோடு, முன்னால் போவது நம் விமானமாகவே இருந்துவிட்டால்? சுடுவதற்கு முன் விமானி தன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கடைசியில் வேலை கண்ணிடமே வந்து நிற்கிறது.

நம் கண்ணில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் குச்சி வடிவச் செல்கள் உள்ளன. அவை இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் போல ஆகும். சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. அதனால்தான் இரவு விமானிகள் புறப்படும் முன் அறைக்குள்ளேயே கறுத்த கண்ணாடியோ சிவப்புக் கண்ணாடியோ போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். இந்தச் செல்களுக்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும். கேரட், முருங்கைக்கீரை எல்லாம் அந்தக் குறையைப் போக்கும். ஆனால் போதுமான அளவு இருக்கும்போது கூடை கூடையாகக் கேரட் தின்றாலும் பார்வை அதற்கு மேல் கூர்மையாகாது.

வீழ்ந்த குண்டுவீச்சு விமானங்களில் பெரும்பாலானவற்றில் நாலைந்து இளைஞர்கள் இருந்தார்கள். அவை போன்ற விமானங்கள் போட்ட குண்டுகளில் லண்டனில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 20 என்ற எண்ணை எழுதும்போது இரண்டும் நினைவுக்கு வருகிறது. அதை வெறும் சாதனைக் கணக்காக என்னால் எழுத முடியவில்லை.

கன்னிங்ஹாம் போருக்குப் பிறகும் பறந்தார். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டை 1949 ஜூலை 27 அன்று முதன்முதலாக வானில் ஏற்றியவர் அவர்தான். பூனைக்கண் என்ற பட்டப்பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த இரவுகளில் உண்மையில் என்ன நடந்தது என்பதை ராபர்ட் ரைட் என்பவருடன் சேர்ந்து 1957-ல் புத்தகமாக எழுதியவர், பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த ரான்ஸ்லி.