மூட்டினுள் கண்டதை எழுதிவைத்தல்

பெரியநீலாவணைக் கரையில் வலை இழுத்து இடுப்பு மூட்டு நொந்த ஒருவர், கொழும்பிலே துளைவழிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பி, கல்முனையில் கிளினிக்கிற்குப் போவாராயின், அங்குள்ள வைத்தியர் அம்மூட்டின் அகத்தை நேரிற் கண்டவரல்லர். முன்னவர் எழுதிய குறிப்பே அவருக்குப் பிரமாணம்.

1931இல் நியூயோர்க்கில் பிரேதங்களின் மூட்டுகளை உள்நோக்கியால் ஆராய்ந்த மைக்கல் பர்மன், இடுப்பின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஊசி நுழையாது என்றே கருதினார். இன்றோ காலை இழுத்துப் பிடித்து அவ்விடைவெளியை உண்டாக்கி, கமெரா செலுத்துகின்றனர்.

ஆயின், கண்ட இடத்தைச் சொல்வது எங்ஙனம்? கிண்ணத்தின் விளிம்பைக் கடிகார முகமாகப் பாவித்து, அதிலுள்ள கிழிசல் 12 மணியிலிருந்து 2 மணிவரை என எழுதுவது நெடுநாள் வழக்கம். வலப்பக்கத்தில் 3 மணி முன்புறம். இடப்பக்கத்திலோ முகம் புரண்டு, அதுவே 9 மணியாகிவிடும். சிலர் எப்பக்கமாயினும் 3ஐயே முன்புறமாகக் கொள்வர். எந்த முறையென்று எழுதாவிடில் குழப்பம் நிச்சயம். இதைத் தவிர்க்கவே, 2008இல் மெக்சிக்கோவின் இலிசாலிதுரியும் சகாக்களும் கிண்ணத்தை 6 வலயங்களாகப் பிரித்தனர். இரு பக்கத்துக்கும் ஒரே இலக்கம். எனக்கு இதுவே உசிதமாகப் படுகிறது.

கசியிழையத்தின் சேதத்தை, முழங்காற்சில்லுக்காக 1961இல் அவுட்டர்பிரிட்ஜ் வகுத்த படிகளால் அளப்பர்: மிருதுவாதல் முதற்படி, என்பு வெளித்தெரிதல் நான்காம்படி. படமெடுத்தால் போதும் என்பாரும் உளர். பெரிதாக்கிய படமோ இடத்தையும் அளவையும் தானே சொல்லாது. கிழிசலின் நீளத்தை மில்லிமீற்றரில் குறிப்பதோடு, பழுதற்ற பாகங்களையும் ‘பார்த்தேன், சுகம்’ என்று எழுதவேண்டும். எழுதாத பாகம் பார்க்கப்பட்டதா என்பதைப் பின்வருபவர் அறியமாட்டார்.