அம்மாவின் கட்டியும் பல ஊர்ப் பேச்சும்

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்று, எங்கள் ஊரான வல்லத்தில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். நெல் வியாபாரம் செய்யும் பெரியப்பா, "வேலூர் சிஎம்சிக்குப் போம்மா, பணத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சென்னை அடையாறு என்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. கூலி வேலைக்குப் போகும் அத்தை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டச் சொன்னாள்.

அம்மா கேட்டதோ ஒன்றுதான்: "சாயங்காலம் பால் கறக்க வந்துடலாமா?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை ஒருநாள் வேலையில்லை. வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான். அதற்காக ஒரு பகல் போய்விடும். கூட வருபவருக்கும் கூலி போகும். சென்னையென்றால் அறை வாடகை வேறு. சிகிச்சை இலவசமானாலும் இந்தச் செலவுதான் பலரைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. பாதியில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

அதனால் நாங்கள் புதுச்சேரி ஜிப்மரைத் தேர்ந்தெடுத்தோம். மத்திய அரசு மருத்துவமனை. புற்றுநோய்க்குத் தனி மையமே உண்டு. திண்டிவனத்தில் பஸ் மாறினால் போதும். விடியற்காலையில் கிளம்பி வரிசையில் நிற்போம். பக்கத்தில் கடலூர்க்காரர், திருவண்ணாமலைக்காரர். எல்லோர் கையிலும் தூக்குவாளி.

மாட்டை அத்தை பார்த்துக்கொண்டாள். அம்மா ஒருநாளும் சிகிச்சையைத் தவறவிடவில்லை.