மாற்றப்படும் ரேடியேட்டர், மாறாத பழுது

கோடை தொடங்கியதும் நெடுஞ்சாலை ஓரங்களில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களைக் காணலாம். அவற்றின் உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 'போன வருடம்தான் ரேடியேட்டரை மாற்றினேன்' என்ற புலம்பலைக் கேட்பது அரிதன்று. எனது காருக்கும் நான்கு ஆண்டுகளில் இருமுறை ரேடியேட்டர் மாற்றப்பட்டது. மூன்றாவது முறையாக ஒழுகியபோது, காரணம் என்ன என்று பணிமனையில் கேட்டேன். 'வெயில் சார்' என்றார்கள். வெயில் ஊருக்கெல்லாம் பொதுவானது. ஒரே காரைத் தேடி வந்து ஓட்டை போடாது.

இத்தகைய தருணங்களில் மெக்கானிக்கின் நேர்மையைச் சந்தேகிப்பது எளிது. ஆனால், நேர்மையான பணிமனைகளிலும் இதே கதைதான் நடக்கிறது. ஒழுகும் இடத்தைக் கண்டதும் ஆய்வு முடிந்துவிடுகிறது. ஏன் ஒழுகிற்று என்ற கேள்விக்கு ரசீதில் இடமே இல்லை.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வண்டியை நகர்த்தாமல், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரில் வெப்பமாகச் சேர்கிறது. வாட்டர் பம்ப் அந்த நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களினூடே அது செல்லும்போது வெப்பத்தைக் காற்று கவர்ந்துகொள்கிறது. ரேடியேட்டர் மூடியில் உள்ள வில், உள்ளே ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பேணுகிறது. அதனால் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டிய நீர், ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. சில நூறு ரூபாய் மட்டுமே பெறும் அந்த மூடியின் வில் தளர்ந்தால் நீர் முன்னதாகவே கொதிக்கும். அடைத்துக்கொண்டால் அழுத்தம் வரம்பு மீறி, எது பலவீனமோ அதைப் பிளக்கும்.

பலவீனமான இடங்களுக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் ரேடியேட்டர்கள் செம்பாலும் பித்தளையாலும் செய்யப்பட்டன. ஓட்டை விழுந்தால் ஈயப் பற்று வைத்து அடைத்துவிடுவார்கள். எடையும் செலவும் குறைய வேண்டும் என்று அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் வந்தன. இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் வளையமும் மடித்து இறுக்கிய விளிம்பும்தான். பற்று வைக்கும் தொழில் மங்கி, 'புதிதாக மாற்றிவிடலாம்' என்பதே ஒற்றை மருத்துவமாகிவிட்டது.

உள்ளே ஊற்றப்படும் நீர்தான் இதில் பெரிதும் கவனிக்கப்படாத பகுதி. தமிழகத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிக்கது; கடலோரங்களில் உவர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. நீர் சூடாகும்போது சுண்ணாம்பு உப்புகள் குழாய்களுக்குள் படிகின்றன. வீட்டு ஹீட்டரின் கம்பிச் சுருளில் வெள்ளையாகப் படிவதும் அதுவே. குளோரைடு உப்போ, அலுமினியத்தின் மேலுள்ள இயற்கையான காப்புப் படலத்தை அரித்து ஊசித் துளைகளை உண்டாக்குகிறது. வழியில் நீர் குறைந்தால், அகப்பட்ட குழாயிலிருந்து பிடித்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கூலண்ட் என்பது வெறும் வண்ண நீரன்று. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் அதில் உள்ளன. அவை தீர்ந்துபோகக் கூடியவை. பழைய வகைக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளும் புதிய கரிம அமில வகைக்கு 5 ஆண்டுகளும் ஆயுள் என்பது பொதுவான கணக்கு. பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து ஊற்றுவதில் பயனில்லை. நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வாத இரு வகைகள் கலந்தால் காப்புத் திறன் குன்றும். சில வேளைகளில் கூழாகத் திரண்டு குழாயையே அடைக்கும். எஞ்சினுக்குள் கிடக்கும் பழைய சேற்றைக் கழுவாமல் புதிய ரேடியேட்டரைப் பொருத்தினால், அந்தச் சேறு அதற்குள்தான் போய்ச் சேரும்.

காரணம் வேறிடத்திலும் இருக்கலாம். ஹெட் கேஸ்கட் பழுதானால் எரி வாயு குளிர்விப்பு நீருக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றும். ரேடியேட்டர் உடையும், பழியும் அதன் மீதே விழும். இதைக் கண்டறியும் சோதனை எளியது. குளிர்விப்பு நீருக்கு மேலிருக்கும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே உறிஞ்சினால், எரி வாயு கலந்திருக்கும் பட்சத்தில் திரவம் மஞ்சளாக மாறும். கை பம்ப்பால் அழுத்தம் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் சோதனையும் கடினமானதன்று. எனினும், பணிமனைக்கு உதிரிபாக விற்பனையில் கிடைக்கும் லாபம் சோதனைக் கட்டணத்தில் கிடைப்பதில்லை. 'பார்த்ததற்கே பணமா?' என்று கேட்கும் வாடிக்கையாளரும் குறைவில்லை.

பராமரிப்பில் குறையின்றியும் ரேடியேட்டர் உடைவதுண்டு. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில், ரேடியேட்டருக்குள் அமைந்த கியர் எண்ணெய்க் குளிர்விப்பான் விரிசல் விட்டு, நீரும் எண்ணெயும் கலந்தன. கெட்டது ரேடியேட்டர் மட்டுமன்று. பன்மடங்கு விலையுள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேர்ந்து பாழானது. உரிமையாளர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தனர். 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல் வரை உத்தரவாதம் நீட்டிக்கப்பட்டது. தனித்தனியே புலம்பியவர்கள், எல்லா வண்டியிலும் ஒரே இடம் உடைகிறது என்று நிறுவ முடிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

நம் நாட்டிலும் சட்டம் வெறுங்கையுடன் நிற்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக் குறைபாட்டையும் பொருளின் குறைபாட்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால், 'ரேடியேட்டர் மாற்றம்' என்ற இரு சொற்கள் மட்டும் கொண்ட ரசீதை வைத்துக்கொண்டு எந்த ஆணையத்தில் எதை நிரூபிப்பது? என்ன சோதனை செய்யப்பட்டது, என்ன காரணம் கண்டறியப்பட்டது, எந்த வகைக் கூலண்ட் ஊற்றப்பட்டது என்ற மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. உதிரிபாகத்துக்கான உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

கழற்றிய பழைய ரேடியேட்டரையும் கேட்டு வாங்கலாம். குழாயை அறுத்துப் பார்த்தால் வெள்ளைப் படிவு தெரிந்தால் நீரில் கோளாறு. ஊசித் துளைகள் இருந்தால் அரிப்பு. குழாய்கள் சுத்தமாக இருந்து பிளாஸ்டிக் தொட்டி மட்டும் பிளந்திருந்தால், மூடியையும் கேஸ்கட்டையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் அது அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.